பசறையிலிருந்து குவைத்துக்கு: ஒரு சிம் அட்டையின் பயணம்

பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கென்று தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. மலைக்கு இலக்கம் உண்டு, லயத்துக்கு இலக்கம் உண்டு. தபால்காரர் தேடி வந்து தட்டக்கூடிய கதவுக்கு இலக்கம் கிடையாது. கோணக்கலை ஆனாலும் பூனாகலை ஆனாலும் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், தோட்ட அலுவலகத்தில் கிடக்கும், யாராவது எடுத்து வந்தால் கைக்குக் கிடைக்கும். வேலைக்கான அழைப்பானாலும் வெளிநாட்டிலிருந்து மகள் எழுதிய கடிதமானாலும் வழி அது ஒன்றுதான்.

அந்த நிலையில் வாழ்ந்தவர்களுக்கு நேரே கைக்கு வந்து சேரும் முதல் முகவரியாக அமைந்தது கையடக்கத் தொலைபேசி எண். இந்த அத்தியாயம் அந்த எண்ணைப் பற்றியது. குறிப்பாக, அது கடல் கடக்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. ஊவா தோட்டங்களிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது அன்றாடத் தேவை. எண் உயிரோடு இருந்தால் வீட்டோடு உறவு உண்டு, வங்கியோடு தொடர்பு உண்டு, ஆபத்தில் அழைக்க வழி உண்டு.

இலங்கையில் செல்டெல் நிறுவனம் 1989 இல் தொடங்கிய சேவைதான் தெற்காசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவை. 1995 இல் டயலொக் டிஜிட்டல் முறையான ஜிஎஸ்எம்மைக் கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் முதலில் பேசவேண்டும், மாத முடிவில் பில் வரும். பில் அனுப்ப முகவரி வேண்டும். கட்டுவார் என்று நம்புவதற்குச் சம்பளச் சான்று வேண்டும். நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவரிடம் இரண்டும் இல்லை. அதே 1995 இல் போர்த்துகலின் டிஎம்என் நிறுவனம் 'மீமோ' என்ற முற்பணச் சேவையைத் தொடங்கியது. காசை முதலில் வாங்கிக்கொண்டால் பில் தேவையில்லை, பில் இல்லையென்றால் முகவரியும் தேவையில்லை. இந்தக் கணக்கு உலகெங்கும் ஏழை மக்களின் கையில் தொலைபேசியைக் கொண்டு சேர்த்தது. லயத்துக்கு அருகில் இருக்கும் சில்லறைக் கடையில் ரீலோட் போட்டால் போதும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

சிம் வாங்க எஞ்சிய நிபந்தனை அடையாள அட்டை. மலையகத்தில் அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. ஆகவே தன் பெயரில் ஒரு சிம் வைத்திருப்பது இங்கே சிறிய விஷயம் அல்ல.

எண் எங்கே இருக்கிறது?

தொலைபேசி எண் சிம் அட்டைக்குள் இருக்கிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வலையமைப்பு அந்த அட்டையை அடையாளம் காண்பது வேறு இரண்டு தகவல்களால். முதலாவது, சந்தாதாரரைக் குறிக்கும் ஓர் அடையாள எண். ஐஎம்எஸ்ஐ என்று அழைக்கப்படும் இது பொதுவாக 15 இலக்கம் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: இலங்கைக்கு 413, குவைத்துக்கு 419, சவூதி அரேபியாவுக்கு 420. இலங்கையில் அடுத்த இரண்டும் நிறுவனத்தைச் சொல்லும்: மொபிட்டலுக்கு 01, டயலொக்குக்கு 02. இரண்டாவது தகவல், 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவி. அதன் பிரதி உலகில் இரண்டே இடங்களில் இருக்கும்: அட்டையின் சில்லுக்குள் ஒன்று, அட்டையைக் கொடுத்த நிறுவனத்தின் கணினியில் இன்னொன்று.

077 என்றோ 071 என்றோ தொடங்கும் எண் நிறுவனத்தின் மையப் பதிவேட்டில் இருக்கிறது. இந்த எண்ணுக்கு உரியது இந்த அட்டை, அந்த அட்டை இப்போது இருப்பது இந்தப் பகுதியில் என்று அந்தப் பதிவேடு ஒவ்வொரு சந்தாதாரரைப் பற்றியும் குறித்து வைத்திருக்கும். அதனால்தான் சிம் தொலைந்தால் புது அட்டையில் பழைய எண்ணையே வாங்க முடிகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. காலையில் பெரட்டுக்களத்தில் யார் இன்று எத்தனையாம் இலக்க மலைக்குப் போகிறார் என்று தீர்மானமாகிறது. பெயர் செக்ரோல் என்ற வரவுப் பதிவில் இருக்கிறது, ஆள் மலையில் இருக்கிறார். அவசரச் செய்தி வந்தால் அலுவலகம் மலை மலையாகத் தேடுவதில்லை, பதிவைப் பார்த்து அந்த மலையின் கங்காணிக்கு ஆள் அனுப்புகிறது. தொலைபேசி நிறுவனமும் அதைத்தான் செய்கிறது. ஆள் நகர நகரப் பதிவு மாறுகிறது, பெயர் இருக்கும் புத்தகம் மட்டும் இடம் மாறுவதில்லை.

குவைத்தில் இறங்கியதும்

பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண் தன் இலங்கை சிம்முடன் குவைத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோமிங் வசதியைப் புறப்படுவதற்கு முன்பே இயக்கி வைத்திருக்கிறார். போனைத் திறந்ததும் அட்டை கடைசியாகப் பதிந்திருந்த இடத்தைத் தேடுகிறது. அது கட்டுநாயக்க. அங்கே கேட்ட அலை இங்கே கேட்கவில்லை. தாய் நிறுவனத்தைத் தேடுகிறது, அதுவும் இல்லை. பிறகு போன் தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறது. 419 என்று தொடங்கும் அடையாளங்கள் கேட்கின்றன. எந்த நாட்டில் எந்த நிறுவனத்தை முதலில் நாடவேண்டும் என்ற பட்டியல் அட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரிசையில் போன் கதவு தட்டுகிறது. ஒப்பந்தம் இல்லாத நிறுவனம் மறுத்துவிட்டால், அதன் பெயரையும் அட்டை தடைப் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. இவ்வளவும் நடந்து முடியச் சில நிமிடம் ஆகலாம். கவரேஜ் இல்லை என்று திரையில் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அமைப்புக்குள் போய் வலையமைப்பைக் கையாலும் தெரிவு செய்யலாம்.

இனித்தான் அழகான கட்டம். குவைத் நிறுவனத்துக்கு இந்த அட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. 413 என்ற தொடக்கத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்களையும் பார்த்து இலங்கையிலுள்ள தாய் நிறுவனத்தைக் கேட்கிறது. தாய் நிறுவனத்தின் கணினி 128 பிட் நீளமுள்ள ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் உருவாக்கி, இரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடை காண்கிறது. கேள்வியும் விடையும் குவைத்துக்குப் போகின்றன. குவைத் நிறுவனம் விடையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் அட்டைக்கு அனுப்புகிறது. அட்டை தன்னிடமுள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டு விடை சொல்கிறது. இரண்டு விடையும் ஒன்றானால் அனுமதி.

சாவி ஒருமுறைகூட காற்றில் பயணிக்கவில்லை, குவைத் நிறுவனத்துக்கும் அது தெரியவில்லை. 128 பிட் சாவிக்குச் சாத்தியமான மதிப்புகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும், ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆனாலும் கணக்கு போடும் முறை பலவீனமாக இருந்தால் சாவி கசியும். தொடக்க கால சிம்களில் பரவலாக இருந்த ஒரு முறையை 1998 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள், அட்டையைப் பிரதி எடுக்கவும் முடிந்தது. பிறகு வலுவான முறைகள் வந்தன. மூன்றாம் தலைமுறை வலையமைப்பிலிருந்து அட்டையும் வலையமைப்பைச் சோதிக்கிறது. போலிக் கோபுரம் ஒன்று உண்மையான நிறுவனம்போல நடிப்பது அதனால் கடினமாயிற்று.

அனுமதி கிடைத்ததும் குவைத் நிறுவனம் அவரைத் தன் விருந்தினர் பதிவேட்டில் எழுதுகிறது, இலங்கையின் மையப் பதிவேட்டில் 'இப்போது குவைத்தில்' என்று பதிவாகிறது.

காசு இலங்கையில், பேச்சு குவைத்தில்

அம்மா பசறையிலிருந்து மகளின் 077 எண்ணுக்கு அழைக்கிறார். நிறுவனம் பதிவேட்டைப் பார்க்கிறது, குவைத்திடம் ஒரு தற்காலிக வழி எண்ணைக் கேட்டு வாங்குகிறது, அழைப்பு அந்த வழியில் கடல் கடக்கிறது. அம்மா உள்ளூர் எண்ணுக்குத்தான் அழைத்தார், அவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான். கடல் கடந்த தூரத்துக்குப் பணம் யார் கொடுப்பது? மகள். ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் மீதி குறைவது இதனால்தான். தெரியாமல் அரைமணி நேரம் பேசிவிட்டு மீதிக் காசு முழுதும் போய்விட்டதே என்று திகைப்பவர்கள் பலர்.

குவைத்தில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பெண்கள் தங்கள் இலங்கை எண்களில் ஒருவரை ஒருவர் அழைத்தாலும் மரபான ரோமிங் ஏற்பாட்டில் அழைப்பு இலங்கைக்கு வந்து திரும்பும். டேட்டாவும் வழமையாக அப்படித்தான். குவைத்துக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டிலேயே 4,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். எனவே போய்வர ஒரு நொடியின் நூற்றில் நான்கு பங்காவது தேவை.

முற்பண சிம்முக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. மாதப் பில் வாடிக்கையாளர் பேசியதைக் குறித்து வைத்து மெதுவாக அனுப்பினால் போதும். முற்பணக்காரரின் காசு இலங்கைக் கணினியில் இருக்கிறது, பேச்சோ குவைத்தில் நடக்கிறது. காசு தீரும் அதே நொடியில் அழைப்பை நிறுத்துவது எப்படி? தொடக்கத்தில் பல நிறுவனங்கள் முற்பண சிம்முக்கு ரோமிங்கே கொடுக்கவில்லை. சில இடங்களில் ஒரு குறியீட்டை அழுத்தி வைத்தால் தாய் நிறுவனம் இருவரையும் திருப்பி அழைத்து இணைக்கும். பின்னர் கேமல் என்ற பொது நெறிமுறை வந்தது. இதன்படி குவைத்தின் இணைப்பகம் அழைப்பைத் தொடங்கும் முன் தாய் நிறுவனத்தை எவ்வளவு நேரம் பேசவிடலாம் என்று கேட்கும். தாய் நிறுவனம் மீதியைப் பார்த்துச் சிறிது நேரத்தை ஒதுக்கும். அது தீர்ந்ததும் மறுபடி கேள்வி, மறுபடி ஒதுக்கீடு. ஒரு சாதாரண அழைப்புக்குப் பின்னால் இந்த உரையாடல் ஓயாமல் நடக்கிறது.

இந்த உரையாடலில் போய்வரும் சைகைகள் மிகச் சிறியவை, அவற்றால் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. ரோமிங் விலை உயர்ந்திருப்பதற்குப் பெரும்பகுதி காரணம் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று விதிக்கும் மொத்தக் கட்டணமும் அதன்மேல் வைக்கும் இலாபமும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 அன்று தன் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் மேலதிகக் கட்டணத்தைச் சட்டத்தால் நீக்கியது. அதற்காக எந்தக் கோபுரத்தையும் மாற்றவேண்டி வரவில்லை. வளைகுடாவுக்கும் தெற்காசியாவுக்கும் இடையே இலட்சக்கணக்கான தொழிலாளர் போய்வருகிறார்கள். அப்படியொரு உடன்பாட்டைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கடைசி இரண்டு கிலோமீட்டர்

கடலைக் கண்மூடித் திறக்கும் முன் கடந்துவிடும் குரல், பல நேரம் தோற்றுப்போவது வீட்டு வாசலில்தான். ஊவா மலைகள் வானொலி அலைக்குக் கடினமான நிலம். நமுனுகுல மலை 2,000 மீட்டருக்குச் சற்று மேல் எழுந்து நிற்கிறது. பதுளை நகரம் அதன் அடியில் தாழ்ந்த பள்ளத்தாக்கில் கிடக்கிறது. கோபுரத்துக்கும் போனுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் அதற்குப் பின்னால் அலை நிழல் விழும்.

அந்த நிழல் முழு இருட்டல்ல. அலை முகட்டின் விளிம்பில் சற்று வளைந்து கீழே இறங்கும். அலைநீளம் கூடினால் வளைவும் கூடும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், 2,100 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 14 சென்டிமீட்டர். ஆகவே பள்ளத்து லயத்தில் நீண்ட அலையில் வரும் பேச்சு மட்டும் கிடைத்து, குறுகிய அலையில் வரும் வேகமான டேட்டா கிடைக்காமல் போவதுண்டு. லயத்தின் தகரக் கூரை அலையைத் திருப்பியடிக்கும். வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் வருவதுதான் உள்ளே சேரும். வெளியே வந்து முகடு தெரியும் பக்கம் நின்று பேசினால் குரல் தெளிவதற்கு இதுதான் காரணம். அலை பலவீனமான இடத்தில் போன் தன் முழு வலுவோடு கத்தவேண்டியிருப்பதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

இத்தகைய இடத்துக்குக் குறுஞ்செய்தி நல்ல துணை. அழைப்புக்கு இடையறாத இணைப்பு வேண்டும். குறுஞ்செய்தி மையத்தில் காத்திருந்து, போன் ஒரு கணம் அலைக்குள் வந்தாலும் இறங்கிவிடும். ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடமுண்டு, தமிழில் 70 தான். அதிலும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். 'பதுளை' நமக்கு மூன்று எழுத்து, வலையமைப்புக்கு ஐந்து குறி. நீண்ட தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று செய்திகளாகக் கட்டணம் கேட்பது இதனால்தான்.

இரண்டு சிம், ஒரு போன்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. அன்றாடப் பேச்சுக்கும் டேட்டாவுக்கும் அந்த நாட்டின் முற்பண சிம். இலங்கை சிம்மை எறியவேண்டாம், இரண்டு சிம் போடும் போனில் அதையும் வைத்துக்கொள்ளலாம். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மூடி வைக்கவேண்டும், இல்லையென்றால் செயலிகள் பின்னணியில் தாமாகவே காசைக் கரைத்துவிடும். நெடுநாள் ரீலோட் போடாத முற்பண எண்ணை நிறுவனம் துண்டித்துவிடும், துண்டித்த எண் இன்னொருவருக்குப் போகவும் கூடும். எனவே குறித்த காலத்துக்குள் ஊரிலுள்ள கடையில் வீட்டார் அந்த எண்ணுக்குச் சிறு தொகை ரீலோட் போட்டுவரவேண்டும்.

வாட்ஸ்அப் கணக்கைப் பழைய எண்ணிலேயே வைத்திருக்கலாம், புது சிம்மின் டேட்டாவில் அது வேலை செய்யும். ஆனால் இணைய அழைப்புக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டுள்ளது. அனுமதி பெற்ற செயலிகள் அங்கே வேறு.

எண்களைச் சேமிக்கும் முறை உயிர் காக்கும். 077 என்று சேமித்த எண் குவைத் வலையமைப்புக்குப் பொருளற்றது. முன்னாலுள்ள சுழியத்தை எடுத்துவிட்டு +94 77 என்று தொடங்கிச் சேமித்தால் எந்த நாட்டிலிருந்தும் போகும். பதுளைத் தரைவழி எண்ணின் 055 என்பது +94 55 ஆகும், பண்டாரவளையின் 057 என்பது +94 57 ஆகும். 119 போன்ற குறுகிய எண்கள் இலங்கைக்குள் மட்டுமே செல்லும். ஆகவே தூதரகத்தின் முழு எண்ணையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் முழு எண்ணையும் + குறியோடு போனிலும், போன் பறிபோனால் உதவும்படி ஒரு தாளிலும் எழுதி வைக்கவேண்டும்.

பிளாஸ்டிக் அட்டையே இல்லாத இ-சிம் இப்போது பரவுகிறது. 1991 இல் மியூனிக்கின் கீசெக்கே அண்ட் டெவ்ரியண்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு விற்ற முதல் 300 சிம்கள் வங்கி அட்டை அளவில் இருந்தன. இன்று எல்லவில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்கும் பயணிக்கு, போனுக்குள் பதித்த சில்லில் இலங்கை எண் தரவிறக்கமாகிறது. அடையாள எண், சாவி, பதிவேடு என்ற மூன்றும் அதிலும் மாறவில்லை. அந்தப் பயணிக்குத் தன் நாட்டு எண் ஒன்று, வந்த நாட்டு எண் ஒன்று என்று இரண்டும் தேவைப்படுவதைப் போலவே தெமோதரையிலிருந்து கட்டாருக்குப் போகும் பெண்ணுக்கும் இரண்டும் தேவை.

யார் பெயரில்?

வலையமைப்பு அட்டையின் சாவியை நம்புகிறது. நிறுவனமோ பதிவிலுள்ள பெயரை நம்புகிறது. சவூதி அரேபியா 2016 முதல் சிம் பதிவுக்குக் கைரேகையையும் கேட்கத் தொடங்கியது. வளைகுடா நாடுகளில் சிம் பொதுவாக வதிவிட அட்டையோடு கட்டப்பட்டிருக்கும். வீட்டு வேலை செய்பவருக்கு முதலாளி தன் பெயரில் எடுத்த சிம்மைக் கொடுத்தால், அந்த எண்ணை நிறுத்தும் அதிகாரமும் மாற்றும் அதிகாரமும் முதலாளியிடமே இருக்கும். இலங்கை எண் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் தொலைந்த அட்டைக்கு மாற்று வாங்கும் உரிமை அவர்களுக்குத்தான். உழைத்து அனுப்பும் காசின் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். புறப்படும் முன் எண்ணைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது அவசியம். சிம்முக்கு நான்கு இலக்கப் பின் எண்ணும் போட்டு வைக்கலாம். மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை பூட்டிக்கொள்ளும், திருடியவருக்கு ஓடிபி போகாது.

1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வீட்டு வேலைக்குப் போவோருக்குப் பயணத்துக்கு முன் பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பயிற்சியில் சிம் அட்டைக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும், தமிழில் ஒதுக்கவேண்டும். எண்ணைத் தன் பெயரில் வைப்பது, ரோமிங்கை இயக்கி டேட்டாவை மூடுவது, +94 என்று சேமிப்பது, வீட்டிலிருந்து ரீலோட் போட ஏற்பாடு செய்வது ஆகியவற்றை அந்த ஒரு மணிக்குள் கையில் போனோடு சொல்லிக் கொடுத்துவிடலாம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பாடசாலைகளின் அறிவியல் ஆசிரியர்களும் இதை வகுப்பில் எடுக்கலாம். அலைநீளம், மறையெழுத்து, வலையமைப்பு ஆகிய மூன்று பாடமும் மாணவர்களின் வீட்டுப் போனிலேயே இருக்கின்றன. கடல் கடந்து போகிறவர் இந்த அறிவோடு போவதற்கு அதிகச் செலவு ஆகாது. அது இல்லாமல் போனால் வரும் செலவை அவரும் அவருடைய பிள்ளைகளும் மட்டுமே சுமக்கிறார்கள்.